மூன்றாவது ஓலைக்கு முன்

இந்தக் கல்யாணம் நடக்காது என்பது, பாறையின் நடுவில் தொங்கும்போதுதான் எஸ்றாவுக்கு உறுதியாயிற்று.

“ஏலே, பாறையக் கட்டிப்பிடிக்காத. நீ கட்டப்போறவ வேற” என்று மேலே கயிற்றைப் பிடித்திருந்த நண்பன் காஜா முகைதீன் சிரித்தான். “கையி ரெண்டையும் விடாத. ஒத்தக் கால மட்டும் பையப் பைய எறக்கு.”

பெண் பார்க்கப் போன இடத்தில் பிரிஸில்லா அழகாக இருந்து தொலைத்ததால், ‘மலையேற்றம்தான் என் உயிர்’ என்று அளந்துவிட்டிருந்தான் எஸ்றா. ‘எனக்கும்தான்’ என்று அவள் சொன்னதும் அந்த உயிரில் பாதி போயிற்று.

ஆட்சேபணை உண்டா என்று கேட்டுச் சபையில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. வருகிற சனிக்கிழமை இருவரும் மலையேறுவதாகப் பேச்சு. மறுநாள் மூன்றாவது ஓலைக்கு ‘ஆட்சேபணை உண்டு’ என்று அவளே எழுந்து நின்றுவிட்டால்?

“உண்மையச் சொல்லிரேம்லே” என்றான் காஜா.

“பொய் சொல்லுதவனக் கண்டாலே அவளுக்கு ஆவாதாம். போன சனிக்கிழமையே போயிருக்கணும். மழைன்னு அவதான் தள்ளிவச்சா. கர்த்தர் காப்பாத்துனாரு.”

“மழையா? அன்னைக்கு எங்க மேலப்பாளையத்துல நூலு காயப் போட்டிருந்தோமே!”

“மலையில பெஞ்சிருக்கும்லே. நீ கயித்தப் பிடி!”

ஒருவழியாகக் கீழே வந்து சேர்ந்தான். அடுத்தது வழி கண்டுபிடிக்கும் பாடம். வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு மேற்கே ஓடைக்குப் போக வேண்டும். எஸ்றா வீறுநடை போட்டான். ஓடை வரவில்லை, ஏறி இறங்கிய அதே பொத்தைக் குன்றின் கிழக்குப் பக்கம்தான் வந்தது.

“செல்போனோட ஒட்டி வச்சா முள்ளு எங்கனலே சரியாக் காட்டும்?” காஜா தலையில் அடித்துக்கொண்டான்.

சுற்றுவட்டாரத்தில் பழகிப்பார்க்க ஏற்ற பொத்தை அது ஒன்றுதான். அந்தப் பக்கப் பாறையிலும் ஒரு பெண் இடுப்பில் கயிற்றோடு, முகத்தைக் கல்லில் புதைத்துப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாள். மேலே இன்னொருத்தி கயிற்றைப் பிடித்து அதட்டிக்கொண்டிருந்தாள்.

நம்மைப் போல ஒரு ஜீவன் என்று எஸ்றாவுக்குப் பாசமே வந்துவிட்டது. தைரியம் சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் பாறையிலிருந்து அழுகுரல் கேட்டது.

“ஏட்டி, நான் இப்படி நடுங்குனத எஸ்றாகிட்ட மட்டும் சொல்லிராத!”