புற்றுமண் டப்பா

“இந்த வாரம் எத்தனை வேணும் வே?”

“இருக்கிறதெல்லாம் குடுங்க அண்ணாச்சி.”

அந்த ‘எல்லாம்’தான் சங்கரசுப்புவுக்கு உறுத்தியது.

சங்கரன்கோவில் ரதவீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் அவர். கல்யாண சீசனில் காலி பிலிம் டப்பா குவிந்துவிடும். கேட்டவர்களுக்குச் சும்மாவே கொடுப்பார். வெற்றிலை போடுகிறவர் சுண்ணாம்புக்கு ஒன்று கேட்பார். பக்கத்து டெய்லர் ஊக்கும் கொக்கியும் போட்டுவைக்க இரண்டு கேட்பார். எதிர்வீட்டு ஜரினா பெருங்காயத்துக்கு வாங்கிப் போவாள். மூடியை அழுத்திவிட்டால் வாசனைகூட வெளியே வராது என்று அவளே விளம்பரமும் செய்வாள்.

ஒன்று, இரண்டு என்றால் சரி. வாராவாரம் முப்பது டப்பாவை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்?

சைக்கிளில் காக்கிப் பையோடு வருகிற இந்தத் துரைப்பாண்டி சுத்துப்பட்டிக்காரன். கேட்டால், “சனங்களுக்குக் குடுக்கத்தான் அண்ணாச்சி” என்று மழுப்பிவிட்டுப் போய்விடுவான்.

சந்தேகம் ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். அபின் கடத்துகிறானோ? நாளைக்குப் போலீஸ் வந்து, ‘டப்பா கொடுத்தது யார்?’ என்று கேட்டால்? இருபது வருஷமாகக் கட்டிக் காத்த பெயர் ஒரே நாளில் சந்தி சிரித்துவிடுமே!

குருவிகுளத்தில் ஒரு காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போனபோது குட்டு உடைந்தது. பேச்சி என்ற பெண் இடுப்பில் செருகியிருந்த பிலிம் டப்பாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அதுல என்னம்மா வச்சிருக்கே?”

“கோமதியம்மன் கோயில் புத்துமண்ணு. மேலுல பூசுறதுக்கு. துரைப்பாண்டி அண்ணன் கொண்டாந்து குடுத்தாவ.”

சங்கரசுப்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயிலில் பிரசாதமாகக் கிடைக்கிற புற்றுமண்ணை, அவர் கொடுத்த டப்பாவிலேயே அடைத்து ஊர் ஊராக வியாபாரமா?

அடுத்த திங்கட்கிழமை துரைப்பாண்டி வந்ததும் பையைப் பிடுங்கினார். படம் எடுக்க வந்து காத்திருந்த நாலு பேர் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“அம்மன் மண்ணையே விக்கீரோ?”

“அண்ணாச்சி, அதத் தொறக்காதிய!”

திறக்காமல் விடுவாரா? பையிலிருந்த ஒரு டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி மேஜைமேல் கொட்டினார். மேலாகக் கொஞ்சம் புற்றுமண். அப்புறம் மடித்த காகிதம் ஒன்று. அதற்கும் கீழே வெள்ளை வெள்ளையாய் மாத்திரைகள்.

“மண்ணுக்கு அடியில மாத்திரையா? எந்த ஆஸ்பத்திரியில வே களவாண்டீரு?”

துரைப்பாண்டி அவர் கையைப் பிடித்து, படம் கழுவும் இருட்டறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினான்.

“மெதுவாப் பேசுங்க. நான் குஷ்டரோகத் தடுப்புல வேலை பாக்கேன். இது அதுக்கு உள்ள மாத்திரை. ஆரம்பத்துலயே முழுங்குனா குணமாயிரும், ஆரையும் தொத்தாது. ஆனா வீட்டுல மாத்திரைய ஒருத்தர் பாத்துட்டா போச்சு. கொழாயில தண்ணி புடிக்க விடமாட்டாவ, கட்டுனவனே பொண்டாட்டிய வெரட்டிருவான். புத்துமண்ணுன்னா எவனும் கிண்ட மாட்டான். கண்ணுல ஒத்திட்டுத் திருப்பிக் குடுத்துருவான்.”

சங்கரசுப்பு குழாயைத் திறந்து, சோப்பைப் போட்டுக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தார்.

“ஏலே, அந்தக் கருமத்தையா என் கடைக்குள்ள கொண்டாந்தே?” இதுவரை இருந்த ‘நீரு’ போய் ‘நீ’ வந்துவிட்டது. “அந்தப் பேச்சி போக இன்னும் யாரு யாரு வாங்குதான்னு பேரச் சொல்லு. நாளப்பின்ன என் நாற்காலியில வந்து உக்காந்துரக் கூடாதுல்லா?”

“அத மட்டும் கேக்காதிய.”

“ஒரு பேராவது சொல்லுலே!”

துரைப்பாண்டி என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டான்.

“அப்பம் வெளிய நிக்கிறவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?”

“நான் மாத்திரை திருடுனேன்னே சொல்லிருங்க அண்ணாச்சி.”

அப்படியே சொன்னார். கதவைத் திறந்து, “திருட்டுப் பய! இனிமே இந்தத் தெருப்பக்கம் தல காட்டுனே, போலீசுல புடிச்சுக் குடுத்துருவேன்” என்று ரதவீதிக்கே கேட்கும்படி கத்தினார். நின்றவர்களில் ஒருவர் தம் பங்குக்குக் காறித் துப்பினார். துரைப்பாண்டி மேஜைமேல் கிடந்த மாத்திரைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவி ஆறுமுகத்தாயிடம் நடந்தது அத்தனையும் சொன்னார். பெரிய ஆபத்திலிருந்து ஊரையே காப்பாற்றிவிட்ட பெருமை அவருக்கு.

ரசம் ஊற்ற வந்த கரண்டி நடுவிலேயே நின்றது.

“பேரு எதும் சொன்னாவளா?”

“அமுக்கன்! கடேசி வரைக்கும் வாயத் தொறக்கலையே. நானா விடுவேன்? இனி இந்தத் தெருவுலயே கால் வைக்க மாட்டான்.”

ஆறுமுகத்தாய் கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

“ஏட்டி, என்ன செய்யுது ஒனக்கு?”

“நம்ம மக வடிவுக்கு இன்னும் மூணு மாச மாத்திரை பாக்கி இருக்குங்க. இனி நான் யாருகிட்ட போயி வாங்குவேன்?”