மேல் வளைவில் சிக்னல்

"இப்பதான் புஷ் பண்ணினேன் பஸ்லான் நானா, புல் பண்ணிப் பாருங்க" என்று மருமகள் ஷாமிளா போனில் சொன்னது, அடுப்படியில் இருந்த இருளாயியின் காதில் விழுந்தது.

சற்று நேரத்தில் அதே ஷாமிளா லெப்டொப்பைப் பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமி, மேல் வளைவுக்குப் போய்ப் புஷ் பண்ணிட்டு வந்துர்றேன்."

இருளாயி தலையை மட்டும் ஆட்டினாள்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் புஷ் என்றால் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் ஷாமிளாவே சொல்லிக் கொடுத்ததுதான். பலாங்கொடையில் பஸ்லான் நடத்தும் கம்ப்யூட்டர் ஆபீசுக்கு, றக்வானைத் தேயிலைத் தோட்டத்தில் இந்த லயத்து வீட்டில் இருந்தபடியே அவள் வேலை செய்கிறாள். எழுதியதை அவ்வப்போது தன் மெஷினிலேயே பத்திரப்படுத்தி வைப்பது கமிட். அதற்குச் சிக்னல் வேண்டியதில்லை. அப்படிச் சேர்ந்ததை ஆபீசுக்கு அனுப்புவது புஷ். அதற்குச் சிக்னல் இல்லாமல் முடியாது. அனுப்பியதை ஆபீசில் இருப்பவர்கள் தங்கள் மெஷினுக்கு எடுத்துக்கொள்வது புல்.

"கொழுந்தக் கூடையில போடுறது கமிட்டு. நிறுக்கிற மடுவத்துல கொண்டுபோய்க் கொட்டுறது புஷ்ஷு. அப்படித்தானே?" என்று இருளாயி கேட்டபோது மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்படியென்றால், மடுவத்தில் கொட்டாத கொழுந்தை யாரும் லொறியில் ஏற்ற முடியாது. பஸ்லான் புல் பண்ணலாம் என்றால் புஷ் எப்போதோ முடிந்துவிட்டது. முடிந்த வேலைக்கு இன்னொரு தரம் மலையேறுவானேன்?

இதை முன்பே பிடித்திருக்கலாம். முன்பெல்லாம் ரோட்டின் மேல் வளைவுக்கு ஏறினால்தான் சிக்னல். எதிர் மலையில் புது டவர் வந்ததிலிருந்து லயத்துக்குள்ளேயே சிக்னல் தாராளமாகக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுச் சுமித்ரா கட்டிலில் படுத்தபடியே சிங்கள நாடகம் பார்க்கிறாள். இவளுக்கு மட்டும் வெயில் தாழ்ந்ததும் மேல் வளைவு கேட்கிறது. அதுவும் சும்மா இல்லை. தலை வாரி, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு போகிறாள். தேயிலைச் செடிக்குக் காட்டவா பொட்டு?

மகன் தினேஷ் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். அவன் லீவு கிடைத்து வருவதே அபூர்வம். பாவம், பெண்டாட்டியை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அப்பன் இல்லாத பிள்ளையை ஒண்டியாக வளர்த்து ஆளாக்கியவள் இருளாயி. அவன் குடும்பத்தில் எவனோ வந்து மண்ணள்ளிப் போட்டால் அவள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

ரோட்டில் போகவில்லை. தேயிலைக்குள் குறுக்கு வழியாக ஏறினாள். முழங்கால் நோவு இன்றைக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

வளைவுக்குக் கீழே ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்று பார்த்தாள்.

ஷாமிளா ரோட்டோரக் கல்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் லெப்டொப் திறந்திருந்தது. விரல் ஒன்றும் ஓடவில்லை. திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். லயத்தில் ஒருநாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

லெப்டொப்பிலிருந்து ஓர் ஆம்பிளைக் குரல் வந்தது. காற்றில் யார் குரலென்றோ, என்ன சொல்கிறான் என்றோ பிடிபடவில்லை. ஷாமிளா சொன்னது நன்றாகவே கேட்டது.

"அந்த ரூமே எடுங்க. ரெண்டு பேருக்குத் தாராளம். நான் வர்ற மாசம் வந்துர்றேன். இங்க யாருக்கும் இப்ப தெரிய வேணாம்."



இருளாயிக்கு ஓடிப்போய் மயிரைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் தான் சொன்னால் நாளைக்கு மருமகள் இல்லையென்று சாதிப்பாள். தினேஷ் தன் காதாலேயே கேட்கட்டும். இடுப்பிலிருந்து போனை எடுத்து, மகன் படத்தை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். அவனுக்கும் கேட்க வேண்டுமே என்று, குனிந்தபடி கட்டுக்கு நேர் கீழே வரைக்கும் வந்தாள்.

அந்தப் பக்கம் மணி போனது.

மேலே பேச்சு நின்றது. பிறகு அந்தக் குரல், இப்போது தலைக்கு மேலே, தெளிவாகக் கேட்டது.

"இரு ஷாமிளா, அம்மா கோல் எடுக்குறாங்க. கட் பண்ணிட்டு, வேலையில இருக்கேன்னு மெசேஜ் ஒன்னு போட்டுர்றேன்."

இருளாயியின் காதில் மணி அறுந்தது.

போன் கையில் ஒருதரம் அதிர்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ரெண்டு பேர் என்றால் யார் யார் என்று இப்போது விளங்கிவிட்டது. மருமகள் மேல் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மேலே பேச்சு மறுபடி தொடங்கியது.

இருளாயி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கீழே இறங்கினாள்.