ஒட்டிக்கொண்ட ரிலே

"ரிலே ஒட்டிக்கிட்டு, டாக்டரம்மா. அதான் நேரம் போச்சு."

டிரைவர் ஞானதாசன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். முழங்கை வரை எண்ணெய்க் கரி. மதியம் இரண்டு மணிக்கு நாகர்கோவிலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய கார், மாலை ஐந்தரைக்குத்தான் வீட்டு வாசலில் வந்து நின்றது.

டாக்டர் லீலாபாய் படியிறங்கி வந்தாள். நேற்று காரில் மறந்துவிட்ட குடையை எடுக்கப் பின்கதவைத் திறந்தாள். ஞானதாசன் குள்ளம், சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால்தான் அவனுக்கு ரோடு தெரியும். பின்சீட்டில் கிடந்த அந்தச் சாக்கை நகர்த்திக் குடையை எடுத்துக்கொண்டு, "உள்ள வா" என்றாள்.

அவள் கணவர் ஜெபதாஸ் ஏற்கெனவே நாற்காலியில் சாய்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை தோறும் இரணியல் பக்கத்துத் தென்னந்தோப்பைப் பார்த்துவரப் போவது அவர் வழக்கம். மூன்று மாதமாக, திரும்பக் கிளம்பும்போதெல்லாம் இந்த ரிலே ஒட்டிக்கொள்கிறது.

"மூடியைக் கழத்தினியா?"

"கழத்தினேன், டாக்டரம்மா."

"உள்ள என்ன பாத்தே?"

"பாயிண்டு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்து. பாட்டரி பூரா வடிஞ்சு போச்சு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஹேண்டிலப் போட்டுச் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணினேன்."

ரிலே என்றால் என்னவென்று போன மாதம் வரை லீலாபாய்க்குத் தெரியாது. அப்படி ஒரு சனிக்கிழமைதான் தோவாளையிலிருந்து ஆள் ஓடிவந்தான். பூக்கட்டுகிற நாகம்மைக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. காருக்காகக் காத்திருந்து, அது வராமல், பஸ்ஸைப் பிடித்து லீலாபாய் போய்ச் சேர்ந்தாள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அன்றும் ரிலேதான்.

திங்கட்கிழமையே மெக்கானிக் ததேயுஸிடம் போய் நின்றாள். அவன் பானட்டைத் திறந்து ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினான். "டைனமோவுக்கும் பாட்டரிக்கும் நடுவுல உள்ள கதவு இது, டாக்டரே. எஞ்சின் ஓடும்போ திறந்து கரண்டை பாட்டரிக்கு விடும். எஞ்சின் நின்னா அடச்சிரும், கரண்டு திரும்பிப் போவாது."

இருதய வால்வு மாதிரி என்று அவளுக்கு உடனே பிடிபட்டது.

"ஆனா இதுல ஒரு கோளாறும் இல்ல. மூணு வாட்டி கழத்திப் பாத்தாச்சு" என்றான் ததேயுஸ்.

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துக்கொண்டு கிடந்தது.

இப்போது லீலாபாய் மேசை டிராயரை இழுத்தாள். பஞ்சில் பொதிந்து வைத்திருந்த ஒரு செம்புக்கம்பிச் சுருளை எடுத்து ஞானதாசன் முன்னால் வைத்தாள். அதன் தலைப்பக்கத்தில் ஒன்றையொன்று தொடும் இரண்டு பாயிண்டுகள், மிளகு அளவில், பளபளவென்று இருந்தன.

"இதாக்கும் ரிலே. நேத்து சாயங்காலம் ததேயுஸை நிறுத்தி வச்சு நானே கழத்தினேன். வெறும் பெட்டிக்கு மூடி போட்டு வச்சோம். ரிலே இல்லாமலே ஒரு பகல் பாட்டரியில வண்டி ஓடிரும்னு அவன் சொன்னான். எங்க டிராயர்ல கெடந்ததையா நீ இரணியல்ல உப்புத்தாள் போட்டுத் தேச்சே?"

ஞானதாசனின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் கார் வாங்கிய நாள் முதல் ஏழு வருஷமாய் அவன்தான் டிரைவர். எந்த மழையிலும் ஒரு குரலுக்கு வந்து நிற்பான். அவன் மகள் தங்கபாயை இந்த உலகத்துக்கு எடுத்துப் போட்டதே லீலாபாயின் கைதான். சொந்தத் தம்பி ஏமாற்றியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது அவளுக்கு.

"எத்தனை நாளா இப்படி? யாருக்கு வண்டி ஓட்டுதே? வாடகைக்குக் கல்யாண ஓட்டமா?"

அவன் ஒருதரம் ஜெபதாஸைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

ஜெபதாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் தோப்புக்குள்ள தேங்கா வெட்டு பாத்துக்கிட்டு நிக்கேன். வெளிய இவன் வண்டியக் கொண்டுக்கிட்டு எங்க சுத்துறான்னு எனக்கு எப்படித் தெரியும், லீலா? உப்பைத் தின்ன வீட்டுக்கே துரோகம் பண்ணியிருக்கான். ஏலே, சாவிய வச்சிட்டு வெளிய போ."

ஞானதாசன் சட்டென்று தலை நிமிர்ந்தான். சாவியை மேசையில் வைத்தான். கையிலிருந்த கரி அதில் ஒட்டியிருந்ததால், மறுபடி எடுத்து வேட்டி நுனியில் துடைத்து வைத்துவிட்டு நடந்தான்.

லீலாபாயால் உட்கார முடியவில்லை. "விட்டிரு, லீலா" என்று ஜெபதாஸ் சொல்லச் சொல்ல, வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"ஞானதாசா, நில்லு. வேலை போனது போட்டும். அந்தப் பிள்ள செத்த அன்னைக்கு எனக்க கார் எங்க நின்னுது? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

அவன் திரும்பினான். கண் நிறைந்திருந்தது.

"தெரியாது, டாக்டரம்மா. அந்தப் பொம்பள வீட்டுக்குப் போவும்போ சார் என்னை இரணியல் முக்குலயே இறக்கி விட்டுட்டு, தானே ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு."