திறந்தே கிடந்த கதவு

விந்தகத்துக்குள்ளே, விந்தணுக் குஞ்சுகளுக்குச் சோறூட்டி வளர்க்கும் செல் ஒன்று இருந்தது. அதன் சுவரில் ஒரு கதவு. தலையிலிருந்து ஹார்மோன் இறங்கி வந்து தட்டினால்தான் அது திறக்கும். வெளியே நிற்கும் கால்சியம் கொஞ்சம் உள்ளே ஓடும். அந்தச் சலசலப்பைக் கேட்டதும் செல் உலை வைக்கும். பிறகு அதே சுவரில் இருக்கும் பம்பு கால்சியத்தை வெளியே அனுப்பிவிடும்.

கதவுக்கோ இளகின மனசு. "பாவம், எந்நேரமும் வாசல்லயே நிக்குதுங்க" என்று ஒருநாள் தானாகவே திறந்துகொண்டது. கால்சியம் திமுதிமுவென்று நுழைந்தது.

"அண்ணே, நான் ஒருத்தன் எவ்வளவுதான் வெளியே தள்ளுவேன்?" என்று பம்பு மூச்சு வாங்கியது.

"வீடு கலகலன்னு இருக்கட்டுமே" என்றது கதவு.

முதலில் செல் பரபரத்தது. போகப்போக இரைச்சல் பழகிப்போய், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உலை அணைந்தது. குஞ்சுகள் பசியில் சுருண்டுகொண்டன. கதவு பதறிப்போனது.

அந்த நேரம் ஹார்மோன் வந்தது.

"நல்லவேளை வந்தீங்க! சீக்கிரம் தட்டுங்க, குஞ்சுங்க பட்டினி கிடக்குது" என்று கதவு கெஞ்சியது.

தட்டத் தூக்கிய கையோடு ஹார்மோன் நின்றது.

"எதைத் தட்டுறது? முதல்ல நீ மூடு."