பத்து நாள் படுக்கை

"சார், இவளை எப்படியாவது பழையபடி எந்திரிச்சு நடக்க வெச்சிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே நல்லதம்பி சொல்லிவிட்டான். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்த ஓ.பி. சீட்டை எடுத்து டாக்டர் ரிஜின் முன்னால் வைத்தான். சூரியநெல்லியிலிருந்து அவர்களோடு ஜீப்பில் வந்த ஆஷா சுகாதாரப் பணியாளர் செல்வப்பிரியா, காலையில் வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்த சீட்டு. முழுக்க மலையாளம். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவனுக்கு அதில் ஓர் எழுத்துகூடப் புரியாது.

ரிஜின் சீட்டைப் படித்தார். நிமிர்ந்து அவனை ஒரு முறை பார்த்தார்.

பக்கத்தில் குருவம்மாள் சால்வையைத் தலையோடு மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷமாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். காய்ச்சலோடுகூட மலையேறியவள், பத்து நாளாக எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே ஆடி மழையில்தான் நல்லதம்பி தன் தம்பி முனீஸ்வரனைப் பறிகொடுத்தான். அவனும் முதலில் இப்படித்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். மழைச் சோம்பல் என்று வீட்டில் எல்லோரும் ஏசினார்கள். நல்லதம்பியும் ஏசினான். ஒரு நாள் விடிந்தபோது தம்பி இல்லை. ஏசிய வாயை நினைத்து நல்லதம்பி இன்றைக்கும் வெந்துகொண்டிருக்கிறான். பெண்டாட்டியும் சுவர்ப் பக்கம் திரும்பியதும் அவனுக்குக் குலை நடுங்கிப் போயிற்று.

"அக்கா, நீங்க சொல்லுங்க. என்ன செய்யுது?" என்றார் ரிஜின்.

"அவரே சொல்லட்டும் சார்," என்றாள் குருவம்மாள், தலையைத் தூக்காமல்.

"சரி அண்ணா. எப்போ தொடங்கும்?"

"வைகாசில எடவப்பாதி மழை பிடிச்சதும் தொடங்கிரும் சார். மூடுபனி இறங்கி, பகல்லயே லைட்டு போடுற மாதிரி ஆயிரும்ல, அப்போ. பொரட்டாசில வெயிலக் கண்டா தன்னால தெளிஞ்சிரும்."

"உறக்கம்?"

"தூங்கித் தூங்கி எந்திரிச்சாலும் போதாது. உடம்பு ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். இலை வாட்டுற மாடிக்குப் படியேற..." நிறுத்தினான். "எங்கயும் படியேறவே முடியாது சார்."

"சாப்பாடு?"

"சோத்தைப் பாத்தாப் பிடிக்காது. இனிப்புதான் கேக்கும். மறையூர் வெல்லம் ஒரு டப்பா நிறைய இருந்தா, வாரத்துல காலியாயிரும்."

ரிஜின் எழுதிக்கொண்டே போனார். வெளியே தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"வேலைக்குப் போக முடியுதா?"

"அதெல்லாம் போவோம் சார். தேயிலை பேக்டரில நான் ஒரு நாள் லீவு போட்டதில்ல. வேலைக்குப் போறவனுக்கு என்ன நோவு? இவதான் பத்து நாளாப் படுத்துட்டா."

ரிஜின் பேனாவை மூடி வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உயிரோட இருந்து என்ன செய்யப்போறோம்னு நினைப்பு வருமா?"

நல்லதம்பி தரையைப் பார்த்தான். ஈரச் செருப்பிலிருந்து தண்ணீர் வடிந்து சிமெண்டில் பரவியிருந்தது.

"வரும் சார். சில நாள் வரும்." செருப்பை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். "என் தம்பிக்கும் வந்திருக்கும். அவனை ஒருத்தரும் இப்படிக் கேக்கல."

குருவம்மாளின் தோள் குலுங்கியது. சால்வை நுனியை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ரிஜின் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது சோம்பலும் இல்ல, பேய் பிசாசும் இல்ல அண்ணா. மனசுக்கு வர்ற நோய். சிலருக்கு வெளிச்சம் குறையற காலத்துல வருஷம் தவறாம வரும். மருந்து உண்டு. ஆனா தின்ன அன்னைக்கே கேக்காது, ரெண்டு மூணு வாரம் ஆகும். காலையில கொஞ்சம் வெளிச்சம் தெரிஞ்சாலும் வெளிய வந்து நடக்கணும். மனசுல உள்ளதைப் பேசணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்னை வந்து பாக்கணும். அந்த நினைப்பு வந்தா உடனே வரணும், நாள் பாக்கக் கூடாது. தனியா மட்டும் விடக் கூடாது. வெயில் அடிக்கிற ஊர்ல சொந்தக்காரங்க உண்டா?"

"மறையூர்ல இவ அக்கா பெரியம்மாள் இருக்கா. அங்க மழை கம்மி. நாளைக்கே கொண்டுபோய் விட்டுட்டு வந்துர்றேன் சார்."

"விட்டுட்டு வர வேண்டாம். ரெண்டு பேரும் போங்க."

"எனக்கு பேக்டரி..."

"லீவுக்கு நான் எழுதித் தர்றேன். நல்லானதும் நீங்களா மருந்தை நிறுத்தக் கூடாது. நான் சொன்னதுக்கெல்லாம் சம்மதமா?"

"இவ எனக்கு வேணும் சார்," என்றான் நல்லதம்பி. கண்ணீரைத் துடைக்கவில்லை. "நீங்க சொன்ன அத்தனைக்கும் சம்மதம்."

ரிஜின் ஓ.பி. சீட்டை அவன் பக்கம் திருப்பி, மேல் வரியில் விரல் வைத்து நிதானமாகப் படித்தார்.

"நல்லதம்பி. வயசு நாப்பத்தாறு."

"எம்பேரு எதுக்கு சார்? செல்வப்பிரியா மாத்திக் குடுத்துட்டா போல."

குருவம்மாள் தலையிலிருந்து சால்வையை இறக்கினாள். பத்து நாளில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் மாத்தலங்க. நீங்க சொன்ன நோவெல்லாம் உங்களோடதுதான். உங்களுக்குன்னா நீங்க ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க மாட்டீங்க, எனக்குன்னா ஓடி வருவீங்கன்னுதான் பத்து நாளா நான் சுவரைப் பாத்துப் படுத்துக் கிடந்தேன்."