ஒரே அமுக்கில் வந்த கார்டு

"அமுக்கிட்டேன் மாமு. ஒண்ணும் வரல."

கூட்டாளி ஷாரிக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுடைய ஜெராக்ஸ் கடை வாசலில் ஆதார் நகலுக்கு ஒரு கூட்டமே நின்றது. "ஒயரு சொருவிக்கீறேன்ல, வரும். மறுக்கா அமுக்கு."

காஜா மொய்தீன் மறுபடி அமுக்கினான். பிரிண்டர் அசையவில்லை.

அவன் மனைவி ஜஸீமா செய்யும் வாழ்த்து அட்டைகளுக்கு ராயபுரத்தில் நல்ல பெயர். லேப்டாப்பில் வரைந்து, கெட்டித் தாளில் அச்சிட்டு, ரிப்பன் கட்டிக் கொடுப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் கார்டு கேட்டு ஆட்கள் வந்திருந்தபோது காஜா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதுல இன்னா கீது? பட்டனை அமுக்கினா பிரிண்டரு துப்பிடும்" என்றான். நாலு நாளாக ஜஸீமா பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு வந்தது, குரல்தான் வரவில்லை. காஜாவால் அதைத் தாங்க முடியவில்லை.

கார்டாலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று யோசனை. அவள் மீஞ்சூரில் அக்கா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

ஷாரிக் எட்டிப் பார்த்தான். வெறும் வெள்ளையில் கொட்டை எழுத்து: 'தப்பு என்னுதுதான் ஜஸீமா. உன் வேலை எவ்ளோ கஷ்டம்னு தெரியாம பேசிட்டேன். பேசு.' வரிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"இது கார்டா, போலீஸ் ஸ்டேசன்ல குடுக்குற மனுவா? கொஞ்சம் டீசன்ட்டா போடு மாமு."

காஜா ஒரு ரோஜாவை வைத்தான். அது 'பேசு' மேல் உட்கார்ந்தது. நகர்த்தினான். அவள் பெயர் மேல் உட்கார்ந்தது.

"ஆர்பர்ல நாப்பதடி கன்டெய்னரை நூல் புடிச்சாப்புல எறக்குறேன். ஒரு பூவை நடுவுல வெக்க வக்கில்ல. என்னைப் போயி கிரேன்ல ஏத்துனானே, அவனைச் சொல்லணும்."

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு முறை அமுக்கினான். வரவில்லை. வராததால் இன்னும் திருத்தினான். பிறை வந்தது, தங்க பார்டர் வந்தது. பூ ஏற ஏற மன்னிப்பு சுருங்கியது. 'தப்பு என்னுதுதான்' என்பது 'சின்னத் தப்பு' ஆகி, பிறகு அதுவும் போய், நெட்டில் எடுத்த 'என் இதய ராணிக்கு' வந்து உட்கார்ந்தது. பதினோராவது முறையும் பிரிண்டர் கல் மாதிரி கிடந்தது.

"இந்த லேப்டாப்பு பேஜாரு. பென் டிரைவுல குடு" என்ற ஷாரிக், தன் கம்ப்யூட்டரில் போட்டு, ரோஜாவை நடுவில் தள்ளி, ஒரே நிமிடத்தில் அச்சிட்டுக் கொடுத்தான்.

அவன் வீடு வந்து சேர்ந்தபோது ஜஸீமா திரும்பியிருந்தாள். காஜா கார்டை நீட்டினான்.

"நானே செஞ்சேன். ஒரே அமுக்கு, வந்துட்ச்சு." பாதி நாள் மல்லுக்கட்டியதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவள் பிரித்துப் படித்தாள். 'ஒரே அமுக்கு' என்ற சொல்லுக்கே முகம் இறுகிவிட்டது. காஜா செய்வதறியாமல் லேப்டாப்பை அவள் மேசையில் வைத்து, திறந்து, சார்ஜரைச் சொருகினான்.

மூலையில் இருந்த ஜஸீமாவின் வைஃபை பிரிண்டர் விழித்துக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. பிறகு இன்னொன்று. கடையில் அவன் அமுக்கியது எதுவும் ஷாரிக்கின் பிரிண்டருக்குப் போகவே இல்லை. லேப்டாப் அத்தனையையும் தன் வீட்டுப் பிரிண்டருக்காகச் சேர்த்து வைத்திருந்தது. காஜா பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தான். பிளக் பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

பதினோரு தாளும் வந்து விழுந்தன. ஜஸீமா ஒன்றுவிடாமல் படித்தாள். தங்க பார்டர் கார்டை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, சாய்ந்த எழுத்தில் இருந்த முதல் தாளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

"பட்டனை அமுக்கினா பிரிண்டரு துப்பிடும்னீங்களே" என்று நாலு நாளைக்குப் பிறகு அவள் குரல் வந்தது. "சரியாத்தான் சொல்லிக்கீறீங்க."