மறக்க வேண்டிய தகடு

கதிர்வீச்சு சிகிச்சைக்குப் படுப்பவர்களின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும் முகக்கவசத்துக்காக, அமலா இரண்டு பிளாஸ்டிக்குகளைக் கலந்து ஒரு தகடு செய்திருந்தாள். வெந்நீரில் முக்கி எடுத்து முகத்தில் போர்த்தினால், அந்த முகமாகவே இறுகும். மறுபடி முக்கினால் எல்லாவற்றையும் மறந்து தட்டையாகிவிட வேண்டும். அடுத்த நோயாளிக்கு ஆகும். ஜனவரியில், முதல் சோதனைக்கு அவள் கணவன் பெலிக்ஸ்தான் ஆய்வகத்துக்கு வந்து படுத்தான். மார்ச்சில், பேருந்துக்கு நின்றவன் மாரடைப்பில் விழுந்து இறந்துபோனான்.

ஜனவரியிலிருந்து அந்த முகத்தோடு அலமாரியில் கிடந்த தகட்டைச் செப்டம்பரில் வெந்நீரில் போட்டபோது அது தட்டையாகவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த மாணவி ரிஸ்வானா அதை இரும்புப் பலகைகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி, ஆறவைத்து, மறுபடியும் போட்டாள். முதலில் மூக்கு எழும்பியது. பிறகு நெற்றி, மூடிய இமைகள், இடப்பக்கம் சற்றே கோணிய உதடு.

"கலவை தப்பு மேம். முகத்தோடயே இறுகிப்போச்சு. இனி இதுதான் இதோட வடிவம்," என்றாள் ரிஸ்வானா. யார் முகம் என்று அவளுக்குத் தெரியாது. "தூக்கிப் போட்டுடவா?"

"வேணாம்மா. நீ போய்ச் சாப்பிட்டு வா."

தனியானதும் அமலா அதை இடுக்கியால் எடுத்து மேசைமேல் வைத்தாள். தொட்டபோது ஜுரக்காரன் முகம்போலச் சுட்டது. அது எழும்பி வருவதை இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதற்கு முதலில் தட்டையாக்க வேண்டும். இரும்புப் பலகையை எடுத்தவள், மனம் வராமல் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையை அந்த மூக்கின்மேல் வைத்தாள். ஆறி இறுக இரண்டு நிமிடம்தான். கண்களை மூடிக்கொண்டு அமுக்கினாள்.